வறண்ட மலைப்பகுதியில் வீட்டுத் தோட்டம்: பருவம் பருவமாக ஒரு முழு வழிகாட்டி

மலை மேல் தோட்டம் போடுகிறவர்களை ஏமாற்றுவது பகல்தான். வெயில் சுள்ளென்று அடிக்கும், வானத்தில் பொட்டு மேகம் இருக்காது, மண்ணில் கை வைத்தால் சூடு தெரியும். சரி, குளிர் போய்விட்டது என்று நம்பித் தக்காளி நாற்றை நட்டுவிட்டு மறுநாள் காலை போய்ப் பார்த்தால் இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கும். வறண்ட காற்றில் ஈரப்பதம் இல்லை, மேலே மேகமும் இல்லை. பகல் முழுக்க மண் வாங்கிய சூடு பொழுது சாய்ந்த சில மணி நேரத்தில் வானத்துக்குப் போய்விடும். பகலுக்கும் இரவுக்கும் 15 முதல் 20 டிகிரி வித்தியாசம் இங்கே சாதாரணம். (இந்தக் கட்டுரையில் டிகிரி என்று வருவதெல்லாம் செல்சியஸ்.)

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறது: பகல் வெயிலைப் பார்த்து நடாதீர்கள், இரவைப் பார்த்து நடுங்கள். எந்தச் செடி, எந்த இடம், எப்போது விதைப்பது, எப்போது மூடுவது எல்லாவற்றையும் இரவுதான் முடிவு செய்கிறது. தண்ணீர் இரண்டாவது. மண் மூன்றாவது, ஆனால் மண்ணைச் சரி செய்யாமல் தண்ணீரை நிறுத்தி வைக்க முடியாது என்பதால் அதில் கொஞ்சம் அதிக நேரம் செலவாகும்.

கணக்குக்கு இரண்டு எண்களை மனதில் வையுங்கள். உயரம் 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். அதே 1000 மீட்டருக்குப் புற ஊதாக் கதிர் சுமார் 10% கூடும். அதாவது குளிரும் அதிகம், வெயிலின் கடுமையும் அதிகம். சமவெளிக்காரர்கள் எழுதிய தோட்டக் குறிப்புகள் இங்கே பொருந்தாமல் போவதற்கு இந்த இரண்டுமே போதும்.

முதலில் இடத்தைப் பாருங்கள், மண்வெட்டியை அப்புறம் எடுக்கலாம்

குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பநிலையைப் பதிவு செய்யும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். உரம், விதை, கருவி எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்க வேண்டிய பொருள் இதுதான். வீட்டுச் சுவரில் மாட்டினால் பிரயோஜனம் இல்லை, சுவர் இரவில் சூடு விடும். செடி இருக்கப்போகும் இடத்தில், தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், நேர் வெயில் படாத மாதிரி ஒரு சிறிய மறைப்புக்குள் வையுங்கள். தொலைபேசியில் வரும் வானிலை முன்னறிவிப்பு ஆளுயரத்துக் காற்றின் வெப்பநிலையைச் சொல்கிறது. தெளிந்த, காற்றில்லாத இரவில் தரையோரம் அதைவிட 2, 3 டிகிரி குறைவாகவே இருக்கும். முன்னறிவிப்பு 2 டிகிரி என்றால் உங்கள் மிளகாய்ச் செடிக்கு அது பூஜ்யம்.

குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது சரிவில் இறங்கி, பள்ளமான இடத்தில் போய்த் தேங்கும். வீட்டு மனையின் கடைசிக் கீழ்மூலை, அல்லது சரிவுக்குக் குறுக்கே கட்டிய மதிலின் மேல்பக்கம், இரண்டிலும் குளிர் தேங்கி நிற்கும். அங்கே தக்காளி வைக்காதீர்கள், முட்டைக்கோஸ் வையுங்கள். மதிலோ அடர்ந்த வேலியோ ஏற்கெனவே இருந்தால், அடியில் ஓர் இடைவெளி திறந்துவிட்டால் குளிர்காற்று வழிந்து கீழே போய்விடும். சரிவின் நடுப்பகுதிதான் பொதுவாகக் கொஞ்சம் கதகதப்பான இடம்.

பனி பெய்யும் இடமென்றால் இன்னும் சுலபம். குளிர்காலக் கடைசியில் எங்கே பனி முதலில் உருகுகிறது, எங்கே கடைசி வரை கிடக்கிறது என்று பாருங்கள். முதலில் உருகும் இடம் உங்கள் வெப்பப் பயிர்களுக்கு, கடைசியில் உருகும் இடம் கீரைக்கும் பழ மரத்துக்கும். (பழ மரத்துக்கு ஏன் குளிர்ந்த இடம் என்பது பின்னால் வருகிறது.) நண்பகல் வெயில் படும் கல்சுவர் ஒன்று இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. வட அரைக்கோளத்தில் அது தெற்குப் பார்த்த சுவர், தென் அரைக்கோளத்தில் வடக்குப் பார்த்தது. அந்தச் சுவரடியில் மட்டும் பருவம் முன்னால் ஒரு வாரம், பின்னால் ஒரு வாரம் நீளும்.

அப்புறம் காற்று. மலைக்காற்று செடியை ஒடிப்பதைவிட உலர்த்துவதுதான் அதிகம். ஆனால் காற்றை முழுதாக அடைக்கும் சுவர் எழுப்பினால் அது சுவரைத் தாண்டிச் சுழன்று உள்ளே விழும். பாதிக் காற்றை உள்ளே விடுகிற மறைப்பு நல்லது: இடைவெளி விட்ட மரச்சட்டம், புதர் வரிசை, வலை. அப்படிப்பட்ட மறைப்பு தன் உயரத்தைப் போல 10 மடங்கு தூரம் வரை காற்றின் வேகத்தைத் தணிக்கும். 1.5 மீட்டர் வேலி ஒன்றே ஒரு வீட்டுத் தோட்டத்துக்குப் போதும்.

உறைபனிக் கணக்கு

வசந்தத்தின் கடைசி உறைபனி நாள், இலையுதிர் காலத்தின் முதல் உறைபனி நாள். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள நாட்கள்தான் உங்கள் கையிருப்பு. உயரமான வறண்ட பகுதிகளில் இது பெரும்பாலும் 90 முதல் 120 நாட்கள், சில இடங்களில் அதைவிடக் குறைவு.

பக்கத்து வானிலை நிலையத்தின் பதிவுகளிலிருந்து இந்தத் தேதிகளை எடுக்கலாம், ஆனால் கவனம்: அங்கே கொடுத்திருப்பது பெரும்பாலும் சராசரித் தேதி. சராசரி என்றால் கிட்டத்தட்ட பாதி வருடங்களில் அதற்குப் பிறகும் உறைபனி வந்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையம் விமான நிலையத்திலோ பள்ளத்தாக்கின் அடியிலோ இருக்கும், நீங்கள் 300 மீட்டர் மேலே இருப்பீர்கள். ஆகவே குளிர் தாங்காத பயிர்களுக்கு அந்தத் தேதியோடு இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே ஊரில் பல வருடம் தோட்டம் போட்ட பெரியவர் யாராவது இருந்தால் அவர் சொல்வது நிலையத்தின் பதிவைவிட நம்பகமானது.

விதைப் பொட்டலத்தில் "65 நாட்கள்" என்று போட்டிருக்கும். அது தக்காளி, மிளகாய், கத்திரி, முட்டைக்கோஸ் போன்ற நாற்றுப் பயிர்களுக்கு நாற்றை வயலில் நட்ட நாளிலிருந்து எண்ணுவது. பீன்ஸ், கேரட், முள்ளங்கிக்கு விதைத்த நாளிலிருந்து. அது கதகதப்பான இரவு உள்ள இடத்துக் கணக்கும்கூட. குளிர் இரவில் செடி நின்று நின்றுதான் வளரும், எனவே 10 முதல் 15 நாட்கள் கூட்டுங்கள். கையில் 100 நாள் இருக்கிறதென்று வையுங்கள். 80 நாள் தக்காளி வைத்தால் முதல் பழம் சிவக்கும்போது உறைபனி வாசலில் நிற்கும். 55 முதல் 65 நாள் ரகங்களைத் தேடுங்கள். பெரிய சதைப்பற்றுள்ள தக்காளியின் மேல் ஆசை இருந்தால் ஒரே ஒரு செடியைச் சுவரடியில் வைத்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம். செர்ரித் தக்காளிதான் இங்கே ராஜா.

தக்காளிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இரவு வெப்பநிலை 13 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ உதிரும். செடி பச்சைப்பசேலென்று இருக்கும், காய் மட்டும் இருக்காது. உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் உரம் போடுவார்கள், இலை இன்னும் பெருக்கும். இரவில் ஒரு துணியைப் போர்த்தி மூடினாலே பல நேரம் இது சரியாகிவிடும்.

மண்: மூன்று சோதனை, ஒரு மருந்து

ஒரு கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல், இரண்டு மணி நேரத்தில் அதன் மேல் படிவது வண்டல், ஒரு நாளுக்கு மேல் கலங்கலாக நின்று மெதுவாகப் படிவது களி. பட்டைகளின் உயரத்தை அளந்தால் உங்கள் மண்ணின் கலவை தெரிந்துவிடும். மணல் அதிகம் என்றால் தண்ணீர் ஓடிவிடும், களி அதிகம் என்றால் காய்ந்து வெடிக்கும். வறண்ட மலைமண் பெரும்பாலும் கல்லும் மணலும்தான்.

இரண்டாவது, ஒரு பிடி காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. மழை குறைந்த இடத்தில் சுண்ணாம்பும் உப்பும் கழுவப்படாமல் தங்கிவிடும், அதனால் மண்ணின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு; 7க்கு மேல் போனால் காரம்) 7.5 முதல் 8.5 வரை இருப்பது சகஜம். இந்தக் கார மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அதுதான் காரணம். மண்ணில் ஆணி புதைப்பதால் ஒன்றும் ஆகாது. கீலேட் இரும்பு, அதாவது கார மண்ணிலும் வேர் எடுத்துக்கொள்ளும்படி தயாரித்த இரும்புச்சத்து, உதவும். கந்தகம் போட்டு பிஎச்சைக் குறைக்கலாம் என்பார்கள், ஆனால் நுரைக்கிற மண்ணில் அது பணத்தைக் கொட்டுவதுதான், அவ்வளவு சுண்ணாம்பை வீட்டுத்தோட்ட அளவில் கரைத்து முடிக்க முடியாது. இன்னொன்று, அடுப்புச் சாம்பலை மட்டும் இந்த மண்ணில் போடாதீர்கள். வேறிடத்தில் அது நல்ல உரம். இங்கே காரத்தை இன்னும் ஏற்றும்.

மூன்றாவது, 30 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள், மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். மணிக்கு 2 முதல் 5 செ.மீ. இறங்கினால் நல்லது. மளமளவென்று காணாமல் போனால் மட்கு நிறைய வேண்டும். ஒரு நாள் கழித்தும் நின்றால் அடியில் இறுகிய தட்டு இருக்கிறது, அதைக் கடப்பாரையால் உடைக்க வேண்டும்.

மருந்து ஒன்றுதான், நன்றாக மட்கிய உரம். முதல் வருடம் 5 செ.மீ. கனத்துக்குப் பரப்பி மேல் 15, 20 செ.மீ. மண்ணோடு கலந்துவிடுங்கள், அடுத்தடுத்த வருடங்களில் 2 செ.மீ. மேலே போட்டால் போதும். பச்சைச் சாணம், கோழி எரு இரண்டிலும் உப்பு அதிகம். மழை கழுவாத மண்ணில் அந்த உப்பு தங்கி இலை ஓரத்தைக் கருக்கும். எனவே மட்க வைத்து மட்டுமே போடுங்கள். மட்குக் குவியலும் இங்கே அழுகுவதற்குப் பதில் காய்ந்துபோகும், பிழிந்த துணியின் ஈரம் எப்போதும் இருக்க வேண்டும், மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடி வையுங்கள்.

கற்களை எல்லாம் பொறுக்கித் தீர்க்க வேண்டாம், அது முடிகிற வேலை இல்லை. கேரட், பீட்ரூட் பாத்தியில் மட்டும் 25 செ.மீ. ஆழத்துக்குச் சலித்து எடுங்கள். எடுத்த கல்லைத் தூக்கி எறியாமல் வையுங்கள், பயன் இருக்கிறது.

பாத்தி: மேடா, பள்ளமா?

எங்கு பார்த்தாலும் மேட்டுப்பாத்தி போடச் சொல்வார்கள். மழை அதிகமுள்ள இடத்துக்கு அது சரி. வறண்ட இடத்தில் மேட்டுப்பாத்தி நாலு பக்கமும் காற்றில் காயும், தண்ணீரும் அதிகம் கேட்கும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சூனி என்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தது நேர் எதிரானது: சிறு சிறு சதுரக் குழிப்பாத்திகள், சுற்றிலும் களிமண் வரப்பு. பெய்கிற ஒவ்வொரு துளியும் உள்ளேயே நிற்கும், வரப்பு இளநாற்றுக்குக் காற்றையும் தடுக்கும்.

ஆனால் பள்ளத்தில் குளிரும் தேங்கும் என்று மேலே சொன்னோமே? ஆமாம், இரண்டுக்கும் இழுபறிதான். என் கருத்து இது: வசந்தத்தின் தொடக்கத்திலேயே விதைக்கும் கீரை, முள்ளங்கி, பட்டாணிக்கு 10 செ.மீ. உயரத்தில் ஒரே ஒரு மேட்டுப்பாத்தி, அது சீக்கிரம் சூடாகும். மற்ற எல்லாவற்றுக்கும் 10 முதல் 15 செ.மீ. ஆழக் குழிப்பாத்தி, அகலம் கை எட்டுகிற அளவு, அதாவது 1 முதல் 1.2 மீட்டர். சரிவில் இருந்தால் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே சமமட்டமாக வெட்டுங்கள், பொறுக்கிய கற்களைக் கீழ்ப்பக்க வரப்புக்கு அடுக்குங்கள். அந்தக் கல் பகலில் சூடு வாங்கி இரவில் விடும்.

தண்ணீர்

1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்பது 1 லிட்டர். கோடையில் காய்கறிப் பாத்திக்கு வாரத்துக்கு 25 மி.மீ., அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர் தேவை, காற்று அடிக்கும் வாரங்களில் இன்னும் அதிகம். 10 சதுர மீட்டர் தோட்டத்துக்கு வாரம் 250 லிட்டர். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத் தோட்டத்தின் அளவை முடிவு செய்யுங்கள். பெரிய தோட்டத்தைப் பாதித் தண்ணீரில் வளர்ப்பதைவிடச் சின்னத் தோட்டத்தை முழுத் தண்ணீரில் வளர்த்தால் அறுவடை அதிகம்.

கூரையிலிருந்து பிடிப்பதும் இதே கணக்கு: 50 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. பெய்தால் 500 லிட்டர், சிதறியதும் ஆவியானதும் போக 400 லிட்டர் தொட்டிக்கு வரும்.

தினமும் பூவாளியால் மேலே தெளிப்பது மோசமான பழக்கம். மேல் 3 செ.மீ. மட்டும் நனைந்து, வேரும் அங்கேயே நின்று, ஒரு நாள் விட்டால் செடி துவளும். வாரத்துக்கு இரண்டு முறை ஆழமாகப் பாய்ச்சுங்கள். விரலை இரண்டு கணு உள்ளே விட்டு ஈரம் தட்டினால் அன்று விட்டுவிடுங்கள். விதை முளைக்கும் வரையிலும் நாற்று வேர் பிடிக்கும் வரையிலும் மட்டும் இதற்கு விலக்கு. நேரம், காலை. ஆழமாகப் பாய்ச்சுவதால் இன்னொரு லாபமும் உண்டு, மேலே வெள்ளையாகப் படியும் உப்பு வேருக்குக் கீழே இறங்கிப்போகும். ஒழுங்கில்லாமல், ஒரு வாரம் காயப்போட்டு ஒரு நாள் வெள்ளமாக விட்டால் தக்காளியின் அடிப்பகுதி கறுத்து நுனி அழுகல் வரும்.

சொட்டு நீர்க் குழாய் போட முடிந்தால் போடுங்கள். முடியாவிட்டால் மண்பானை இருக்கிறது, என்னைக் கேட்டால் சின்னத் தோட்டத்துக்கு இதுவே மேல். மெருகு பூசாத, 5 முதல் 8 லிட்டர் பிடிக்கும் பானையாக இருக்கட்டும். தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் வையுங்கள், வெளிப்புறம் வியர்த்து ஈரமானால் நல்ல பானை. பாத்தி நடுவில் கழுத்து மட்டும் 2, 3 செ.மீ. வெளியே தெரியுமாறு புதைத்து, சுற்றிலும் மண்ணை விரலால் அழுத்தி இடைவெளி இல்லாமல் அடைக்க வேண்டும். இடைவெளி இருந்தால் ஈரம் மண்ணுக்குத் தாவாது. தண்ணீர் நிரப்பி, ஆவியாகாமல் இருக்கவும் எலி, பல்லி விழாமல் இருக்கவும் தட்டையான கல்லால் மூடுங்கள். சுற்றி ஒரு முழத்துக்குள் பூசணியோ தக்காளியோ நடுங்கள். மண் காயும்போது பானை கசியும், ஈரமாக இருந்தால் கசிவு குறையும். வேர் தானாகப் பானையைத் தேடி வந்து சுற்றிக்கொள்ளும். மூன்று நாளைக்கு ஒரு முறை நிரப்பினால் போதும். குளிர்காலத்துக்கு முன் தோண்டி எடுத்துவிடுங்கள், உள்ளே தண்ணீர் உறைந்தால் பானை வெடிக்கும்.

அடுத்தது மூடாக்கு. வைக்கோல், காய்ந்த இலை, புல், எது கிடைத்தாலும் 5 முதல் 10 செ.மீ. ஆனால் அவசரப்பட்டு வசந்தத்தில் போடாதீர்கள். குளிர்ந்த மண் மேல் மூடாக்குப் போட்டால் அது குளிர்ந்தே இருக்கும். மண் 18 டிகிரி தாண்டிய பிறகு போடுங்கள். காற்றில் பறக்காமல் இருக்க, போட்டதும் நனைத்து, மேலே அந்தக் கற்களை வையுங்கள்.

குளிர்காலக் கடைசி: வீட்டுக்குள் நாற்று

கடைசி உறைபனி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மிளகாய், கத்திரி 8 முதல் 10 வாரம் முன்னால். தக்காளி 6 முதல் 8. முட்டைக்கோஸ் வகைகள் 4, 5 வாரத்தில் தயாராகிவிடும், அவை உறைபனிக்கு முன்னமே வெளியே போகலாம் என்பதால் தக்காளியோடு சேர்த்தே விதைத்துவிடுங்கள். பூசணி, வெள்ளரிக்கு 3 வாரம் போதும், வேரைக் கலைத்தால் பிடிக்காது என்பதால் தனித்தனிக் குவளையில். முளைக்கும் வரை சூடு முக்கியம், தக்காளி விதை 21 முதல் 27 டிகிரியில் ஒரு வாரத்தில் எட்டிப் பார்க்கும். முளைத்த பிறகு வெளிச்சம்தான் முக்கியம். ஜன்னலோரம் நாற்று நெடுநெடுவென்று சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. விளக்கை 10 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு நாளுக்கு 14 மணி நேரம் எரியவிடுங்கள்.

வெளியே கொண்டுபோகும் முன் 10 நாள் பழக்க வேண்டும். மலை வெயிலை அறியாத நாற்றை ஒரே நாளில் வெளியே வைத்தால் இலை வெள்ளை வெள்ளையாக வெந்துவிடும், குளிரால் ஆனது என்று தவறாக நினைப்பீர்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு காலை வெயில், பிறகு அரை நாள், கடைசியில் இரவும் வெளியே. காற்று பலமாக இருக்கும் நாளில் இந்தப் பயிற்சிக்கு விடுமுறை.

வசந்தம்: குளிர் தாங்குபவை முதலில்

மண்ணின் வெப்பநிலையை 5 செ.மீ. ஆழத்தில் காலையில் அளங்கள். 5 டிகிரியைத் தொட்டால் பட்டாணி, பாலக், முள்ளங்கி, லெட்யூஸ் விதைக்கலாம். 7 டிகிரிக்கு மேல் உருளைக்கிழங்கு, கடைசி உறைபனிக்கு 2 முதல் 4 வாரம் முன்னால். முளை மேலே வந்த பின் உறைபனி வந்தாலும் மண்ணை அணைத்து மூடிவிட்டால் மீண்டும் துளிர்க்கும். ஆண்டிஸ் மலையில் பிறந்த பயிர், இந்தக் குளிர் இரவும் பளீர் வெயிலும் அதற்குச் சொந்த ஊர் மாதிரிதான். இங்கே ஒரே ஒரு பயிர்தான் வைக்க முடியும் என்றால் உருளைக்கிழங்கை வையுங்கள்.

வெங்காயம் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அது பகல் நீளத்தைப் பார்த்துக் குமிழ் கட்டும் பயிர், அதற்கு மலை உயரம் ஒரு பொருட்டில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகே குறுநாள் ரகம், தள்ளிப் போகப் போக நெடுநாள் ரகம்.

வறண்ட மலையில் கேரட் முளைக்க வைப்பதுதான் பலரைத் தோற்கடிக்கிறது. விதை பொடி, மேலாகத்தான் விதைக்க வேண்டும், முளைக்க இரண்டு வாரம், சில சமயம் மூன்று. அதற்குள் மேல்மண் பத்து முறை காய்ந்து ஓடு கட்டிவிடும். செய்ய வேண்டியது: விரலால் 1 செ.மீ. கோடு கிழித்து, கோட்டுக்குள் தண்ணீர் ஊற்றி, விதையைத் தூவி, மண்ணுக்குப் பதில் சலித்த மட்கால் மூடுங்கள், மட்கு ஓடு கட்டாது. மேலே நனைத்த கோணிச் சாக்கை விரித்து ஓரத்தில் கல் வையுங்கள். காலையும் மாலையும் சாக்கின் மேலேயே தண்ணீர் தெளிக்கலாம். ஏழாம் நாளிலிருந்து தினமும் சாக்கைத் தூக்கிப் பாருங்கள், நூல் போல முதல் முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும், ஒரு நாள் தாமதித்தால் முளை சாக்கின் இழைக்குள் நுழைந்து, எடுக்கும்போது கூடவே பிடுங்கிக்கொண்டு வரும்.

கடைசி உறைபனிக்குப் பிறகு

பீன்ஸுக்கு மண் 15 டிகிரி வேண்டும், பூசணி, வெள்ளரிக்கு 18 இருந்தால் நிம்மதி. தக்காளியை இரவு 10 டிகிரிக்குக் கீழே போகாத வாரம் வந்ததும் நடலாம். தண்டைக் கழுத்து வரை படுக்கவைத்துப் புதைத்தால் புதைந்த இடமெல்லாம் வேர் விடும். மேல்மண்தான் சூடாக இருக்கும் என்பதால் நேராக ஆழமாக நடுவதைவிடச் சாய்த்து நடுவது இங்கே மேல்.

இதற்குப் பிறகும் ஓரிரு உறைபனி இரவு வரத்தான் செய்யும். பொழுது சாயும்போதே 8 டிகிரிக்கு இறங்கி, வானம் தெளிந்து, காற்றும் அடங்கிவிட்டால் அன்றைக்குத் தயாராக இருங்கள். மதியமே மண்ணுக்குத் தண்ணீர் பாய்ச்சுங்கள், ஈர மண் காய்ந்த மண்ணைவிட அதிகச் சூட்டைச் சேர்த்து வைத்து இரவில் விடும். சூரியன் மறையும் முன்னமே, மண்ணில் சூடு இருக்கும்போதே போர்த்த வேண்டும். பழைய போர்வை, படுக்கை விரிப்பு, தோட்டத் துணி (உறைபனிக்குச் செடியைப் போர்த்தவென்றே விற்கும் லேசான துணி) எதுவானாலும் சரி, குச்சி நட்டு இலையில் படாமல் கூடாரமாகப் போட்டு, ஓரம் தரை வரை தொங்கிக் கல்லால் அழுத்தப்பட்டிருக்க வேண்டும். செடியைச் சுற்றி மட்டும் துணியைக் கட்டி அடியைத் திறந்துவிட்டால் பயனில்லை, சூடு வருவது மண்ணிலிருந்துதான். பிளாஸ்டிக் தாள் இலையில் பட்டால் பட்ட இடம் கருகும். நல்ல தோட்டத் துணி 2 முதல் 4 டிகிரி வரை காப்பாற்றும்.

உள்ளே 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று வைத்தால் இன்னும் பலம். பகலில் வெயிலில் சூடாகி இரவில் விடும், அதோடு தண்ணீர் உறையும்போதும் கிலோவுக்கு 334 கிலோஜூல் வெப்பத்தை வெளியே விடும். பொலிவியா, பெரு எல்லையில், கடல் மட்டத்துக்கு 3800 மீட்டர் மேலே, டிட்டிகாகா ஏரிக்கரையில் பழங்காலத்தில் வெட்டிய உயர்ந்த பாத்திகளைச் சுற்றிக் கால்வாய் ஓடுவதும் இதே தத்துவம்தான், தண்ணீர் சூட்டைப் பிடித்து வைக்கும்.

விடியற்காலையில் இலை மேல் தண்ணீர் தெளித்தால் உறைபனி போய்விடும் என்பதை வறண்ட ஊரில் நம்பாதீர்கள். தண்ணீர் ஆவியாகும்போது இழுக்கும் வெப்பம், உறையும்போது விடும் வெப்பத்தைவிட 7 மடங்கு. வறண்ட காற்றில் கொஞ்சமாகத் தெளித்தால் செடி இன்னும் குளிரும். மிகக் குளிரான நேரம் சூரியன் உதிக்கும் தருணம். வெயில் ஏறிய பிறகே போர்வையை எடுங்கள், ஆனால் மறக்காமல் எடுங்கள், பத்து மணிக்கு உள்ளே அடுப்பாகிவிடும்.

கோடை

பிற்பகலில் இலை துவண்டு மாலையில் நிமிர்ந்தால் பயம் வேண்டாம், காலையிலும் துவண்டிருந்தால்தான் தண்ணீர்ப் பஞ்சம். லெட்யூஸ், பாலக்குக்கு 30 முதல் 40% நிழல்வலை கட்டுங்கள், இல்லையென்றால் பூத்துக் கசந்துவிடும். குடைமிளகாய்க்கும் மதிய வெயிலில் மறைப்பு இருந்தால் காய் வெந்துபோகாது. ஆலங்கட்டி மழை மலையில் கோடைக்காலத்து விருந்தாளி, அதே நிழல்வலையைச் சாய்வாகக் கட்டியிருந்தால் கட்டி வழுக்கி விழும்.

பூச்சி நோய் இங்கே குறைவு, அது இந்தத் தட்பவெப்பத்தின் பெரிய சலுகை. புழுதியும் வறட்சியும் சேர்ந்தால் சிலந்திப் பேன் வரும், இலை அடியில் தண்ணீரைப் பீய்ச்சினால் அடங்கும். அசுவினிக்கும் அதுவே. சாம்பல் நோய் மட்டும் ஈரம் இல்லாமலும் வரும், பூசணி இலையில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அந்த இலைகளைக் கிள்ளி எறியுங்கள். மானும் எலியும் வேறு கதை, அதற்கு வேலியைத் தவிர வேறு மருந்து கிடையாது.

கோடை நடுவிலேயே அடுத்த விதைப்பு. முதல் உறைபனி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, பயிரின் நாட்களோடு பகல் சுருங்குவதற்காக இரண்டு வாரம் கூட்டுங்கள்: முள்ளங்கி 30 நாள் என்றால் 45 நாள் முன்னால், பாலக் 45 என்றால் 60. வெயிலில் லெட்யூஸ் விதை 30 டிகிரி மண்ணில் உறங்கிவிடும், மாலையில் விதைத்துப் பலகையால் மூடி, முளைத்ததும் எடுங்கள்.

இலையுதிர் காலமும் குளிர்காலமும்

முதல் உறைபனிக்கு ஒரு மாதம் முன்பே தக்காளியின் நுனியைக் கிள்ளி, புதுப் பூவையெல்லாம் எடுத்துவிடுங்கள். இனி பூப்பது பழமாகாது, இருக்கும் காயாவது பழுக்கட்டும். உறைபனி முன்னறிவிப்பு வந்ததும் முழு அளவு வளர்ந்த பச்சைக்காய்களைப் பறித்து அறைக்குள் 18 முதல் 21 டிகிரியில் ஒற்றை வரிசையாகப் பரப்புங்கள், குளிர்பெட்டியில் வேண்டாம். முதல் உறைபனிக்குப் பின் பல நேரம் இரண்டு வாரம் நல்ல வெயில் வரும், அதனால் அந்த ஓரிரவு மூடிக் காப்பாற்றுவது வீண் போகாது.

கேரட்டையும் முட்டைக்கோஸையும் அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம், குளிர் பட்டதும் செடி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். கேரட் பாத்தி மேல் 30 செ.மீ. வைக்கோல் போட்டால் குளிர்காலத்திலும் தோண்டி எடுக்கலாம். பூண்டுப் பல்லை மண் உறைவதற்கு 4 முதல் 6 வாரம் முன், கூர்முனை மேலாக, 5 செ.மீ. ஆழத்தில் ஊன்றி மூடாக்குப் போடுங்கள். குளிர் படாத பூண்டு பல் பிரியாது. அடுத்த கோடையில் அடி இலைகள் மூன்றோ நாலோ காய்ந்ததும் எடுக்கலாம்.

பழ மரம் வைக்க விரும்பினால் சுவரடியும் வெயில் சரிவும் வேண்டாம். கதகதப்பான இடத்தில் மரம் சீக்கிரம் பூக்கும், பின்னால் வரும் உறைபனி பூவைக் கொன்றுவிடும். ஆப்பிள் முழுதாகப் பூத்திருக்கும்போது மைனஸ் 2 டிகிரியில் பத்தில் ஒரு பூ போகும், மைனஸ் 4 டிகிரியில் பத்தில் ஒன்பது போகும். தாமதமாகப் பூக்கும் ரகத்தை, பனி கடைசியில் உருகும் பக்கத்தில் வையுங்கள். ஆப்ரிகாட் எல்லாவற்றுக்கும் முன்னால் பூக்கும், ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் காய்த்தால் போதும் என்கிற பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

இளமரத்தின் தண்டுக்குக் குளிர்காலம் தொடங்கும் முன் வெள்ளை பூசிவிடுங்கள், பகல் வெயிலில் சூடாகி இரவில் உறைந்து பட்டை வெடிப்பதை அது தடுக்கும். மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே வையுங்கள், ஒட்டிப் போட்டால் எலி உள்ளே குடியிருந்து பட்டையைக் கடிக்கும். கடைசியாக, குளிர்கால வறட்சி. பனியும் மழையும் இல்லாத மாதத்தில், 5 டிகிரிக்கு மேல் இருக்கும் ஒரு நாளில், மண் உறையாமல் இருந்தால் நண்பகலில் மரத்துக்கும் பூண்டுப் பாத்திக்கும் ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். வசந்தத்தில் துளிர்க்காத மரங்களில் பல குளிரால் செத்தவை அல்ல, தாகத்தால் செத்தவை. பாய்ச்சி முடித்ததும் குழாயில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள், இல்லையென்றால் அன்றிரவே குழாய் பிளக்கும்.